முதல் இரவை வீட்டு வாசலிலேயே கழியுங்கள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஆறு குடும்பங்கள் கூடியிருந்தன. கல்யாணப் பேச்சில்லை, சீட்டுப் பிடிக்கவுமில்லை. ஆறு குடும்பமும் கடந்த ஒரு வருடத்துக்குள் பயண ட்ரெயிலர் வாங்கியவை. வெள்ளிக்கிழமை மாலை 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது உங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பெட்டி மெதுவாகப் போகுமே, "இந்த மனிதர் எப்போது வழி விடுவார்?" என்று முணுமுணுப்பீர்களே, அதுதான் பயண ட்ரெயிலர். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. நான் ஒன்பது வருடமாக உங்களிடம் அந்த முணுமுணுப்பை வாங்கிக்கொண்டிருப்பவன். அதனால்தான் புதியவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள்.

தேநீர் வருவதற்கு முன்பே அனுபவங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஏஜாக்ஸிலிருந்து வந்த தம்பி குளிர்சாதனப் பெட்டியின் கதவுக் கொளுக்கியைப் போட மறந்து புறப்பட்டிருக்கிறார். பாரியில் நிறுத்தித் திறந்து பார்த்தால் தயிரும் மாங்காய் ஊறுகாயும் இரண்டு டசின் முட்டையும் தரையில் ஒரே கூழ். இப்போதும் மழை நாளில் ஊறுகாய் மணக்கிறதாம். மார்க்கம் அக்கா வீட்டில் கூரையின் காற்றுத் துவாரத்தை மூடாமல் 401ஆம் நெடுஞ்சாலையில் ஏறியிருக்கிறார்கள். மூடி எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. பின்னால் வந்தவர் மேல் விழவில்லை, அந்த மட்டில் புண்ணியம். பிரம்டன் அண்ணருக்கு நடந்ததை இப்போது சொல்ல மாட்டேன். பலர் இரவுச் சாப்பாட்டில் இருப்பீர்கள். கடைசியில் நேரம் இருந்தால் சொல்கிறேன்.

அவர்களிடம் நான் சொன்னது ஒன்றுதான். உங்களிடமும் அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ட்ரெயிலர் வாங்கினால் முதல் இரவை உங்கள் வீட்டு வாசலிலேயே கழியுங்கள். முதல் இரவு என்றதும் ஞாயிறன்று எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் ஒரு தடவை சிரித்து முடித்துவிடுங்கள்.

வாசலில் என்றால் வாசலில்தான். கார் நிறுத்தும் இடத்தில் ட்ரெயிலரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே குளித்து, விடியும்வரை அதற்குள்ளேயே படுக்க வேண்டும். (வாசலில் ட்ரெயிலர் நிறுத்துவதற்குப் பல நகரசபைகள் விதி வைத்திருக்கின்றன. முதலில் அதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.)

நாங்கள் படுத்த அந்த இரவை மறக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டியை மாலை ஆறு மணிக்குப் போட்டோம். புரொப்பேன் வாயுவில் ஓடும் பெட்டி வீட்டுப் பெட்டி மாதிரி அல்ல, உள்ளே குளிர் பிடிக்க ஓர் இரவே ஆகிவிடும். எங்களுக்கு அது தெரியாது. பத்து மணிக்குப் பால் அறைச் சூட்டில் இருந்தது. மின்சாரத்துக்கு வீட்டுச் சுவரிலிருந்து வயர் இழுத்தோம். ட்ரெயிலர் கேட்பது 30 அம்பியர், வீட்டுச் சுவர் தருவது 15. மைக்ரோவேவையும் சிறு ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டேன், எல்லாம் இருண்டுவிட்டது. டோர்ச் லைட் எங்கே? வீட்டுக்குள். ஒரு மணிக்கு ஹீட்டர் ஊதத் தொடங்கிய சத்தத்தில் மகள் தலையணையோடு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். இரண்டு மணிக்கு யாரோ குழாயைத் திறக்க, கட்டிலுக்குக் கீழே தண்ணீர்ப் பம்ப் தட தட என்று அடித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். விடிந்தபோது ஒரு கொப்பியில் இருபத்துமூன்று குறிப்புகள் இருந்தன. கத்தரிக்கோல் இல்லை, தேங்காய்ப்பால் தகரம் திறக்கும் கருவி இல்லை, புகை அபாய மணிக்குப் பற்றரி இல்லை. இருபத்துமூன்றையும் பத்து அடி நடந்து போய் எடுத்து வந்துவிட்டோம். வடக்கே அல்கோன்குவின் காட்டுப் பூங்காவில் நின்றிருந்தால் பத்து அடியில் என்ன இருந்திருக்கும், சொல்லுங்கள். மரம்தான் இருந்திருக்கும்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் புறப்படும் முன் அதை மனைவி உரக்க வாசிப்பார், நான் தொட்டுப் பார்த்து "ஆம்" என்பேன். கண்ணால் பார்த்தால் போதாது, தொட வேண்டும். ட்ரெயிலரை வண்டியோடு இணைக்கும் பந்து பூட்டியிருக்கிறதா, அந்தப் பூட்டுக்கு ஆணி போட்டிருக்கிறதா, இரண்டு சங்கிலியும் குறுக்காக மாட்டியிருக்கிறதா, ட்ரெயிலர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாக இழுக்கும் கம்பி மாட்டியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா.

இந்தத் தொடும் பழக்கம் எனக்கு அம்மப்பாவிடமிருந்து வந்தது. சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் செல்வச்சந்நிதி முருகன் கோவில் திருவிழாவுக்கு அவருடைய கூடார வண்டிலில் போவோம். வைக்கோலின் மேல் சாக்கு விரித்து நாங்கள் படுத்திருப்போம், வண்டிலின் கீழே அரிக்கன் லாம்பு ஆடிக்கொண்டு வரும், சமையல் பானைகள் பின்னால் கட்டியிருக்கும். அதுவும் ஒரு பயண ட்ரெயிலர்தானே, இழுப்பது மட்டும் மாடு. மாட்டைப் பூட்டியதும் அவர் ஏற மாட்டார். இரண்டு சக்கரத்தையும் சுற்றி வந்து கடையாணியைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். பாதி வழியில் தேநீர் குடிக்க இறங்கினால் மறுபடியும் அழுத்திப் பார்ப்பார். "இப்போதுதானே பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "அது அப்போது" என்பார். ட்ரெயிலர்ச் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் முதல் 80, 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும் என்று கைநூலில் வாசித்தபோது எனக்கு அந்தப் பெருவிரல்தான் நினைவுக்கு வந்தது.

சரி, பாரத்துக்கு வருவோம். நான் கணக்காளர், அதனால் இதில் கொஞ்சம் நேரம் எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் "என் வண்டி இதை இழுக்குமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "தாராளமாக இழுக்கும்" என்கிறார். எனக்கும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. வண்டி இழுப்பது ஒன்று, சுமப்பது இன்னொன்று. ட்ரெயிலரின் முன்பக்கம் உங்கள் வண்டியின் கொக்கியில் உட்கார்ந்திருக்கிறது. மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு அந்தக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால், பெரிய லொறி ஒன்று கடந்து போகும்போது ட்ரெயிலரின் வால் இடமும் வலமும் ஆடத் தொடங்கும்.

இப்போது சாரதியின் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று எழுதியிருக்கும். 600 என்று வைத்துக்கொள்வோம். சாமான் ஏற்றிய ட்ரெயிலர் 2,700 கிலோ என்றால் கொக்கியில் ஏறக்குறைய 350, அதுவும் இந்த 600க்குள்தான் அடங்க வேண்டும். நீங்கள், மனைவி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு 280. 630 ஆகிவிட்டது. இன்னும் கொக்கியின் இரும்பு இருக்கிறது, பின்பெட்டியில் பிள்ளைகளின் சைக்கிள் இருக்கிறது, "வழியில் பசித்தால்" என்று மனைவி வைத்த பெரிய ஐஸ் பெட்டி இருக்கிறது. மயிலிறகையே ஏற்றினாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்கள்தானே. நம்மவர்கள் ஏற்றுவது மயிலிறகா? இடியப்பத் தட்டு, அம்மிக்குப் பதில் ஒரு கிரைண்டர், பத்துக் கிலோ அரிசி, உறவினருக்கென்று இன்னொரு பத்துக் கிலோ! தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பிப் புறப்படுவதும் உண்டு. 150 லீற்றர் தண்ணீர் என்பது 150 கிலோ. பூங்காவில் குழாய் இருக்கிறது, அங்கே போய் நிரப்புங்கள்.

ஆகவே கதவைத் திறந்து பாருங்கள். வாங்கும் முன் பாருங்கள். வாங்கிய பின் பார்த்த இருவர் ஞாயிறன்று எங்கள் வீட்டில் பேசாமல் இருந்தார்கள்.

சாரதி உரிமத்தைப் பற்றியும் கேட்டார்கள். சாதாரண ஜி உரிமத்தோடு ஒன்ராறியோவில் 4,600 கிலோ வரையான ட்ரெயிலரை இழுக்கலாம். ஓடும் ட்ரெயிலருக்குள் ஆட்கள் இருக்கக் கூடாது. பாட்டி உள்ளே படுத்து வரட்டும் என்ற யோசனை வேண்டாம்.

இனிப் பின்னால் எடுப்பது. இதற்காகத்தான் பலர் ட்ரெயிலர் வாங்கவே பயப்படுகிறார்கள். எங்கள் இரண்டாவது பயணம் பிரைட்டனுக்குப் பக்கத்தில் உள்ள பிரெஸ்கீல் மாகாணப் பூங்காவுக்கு. 401இல் கிழக்கே ஒன்றரை மணி நேரம்தான். வீட்டுவாசல் இரவுக்கு அடுத்த பயணம் இவ்வளவு தூரம் இருந்தால் போதும். மாலை ஏழு மணி இருக்கும். எங்கள் இடம் இரண்டு மரங்களுக்கு நடுவே. நான் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினேன், ட்ரெயிலர் இடப்பக்கம் போனது. இடப்பக்கம் திருப்பினேன், அது வலப்பக்கம் போய் மடங்கி நின்றது. மனைவி பின்னால் நின்று "இஞ்சாருங்கோ, இடது! இடது!" என்று கத்துகிறார். யாருடைய இடது? அவருடையதா, என்னுடையதா, ட்ரெயிலருடையதா? இருபத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தக் கேள்வி அதற்கு முன் எழுந்ததே இல்லை. எதிரே ஒரு குடும்பம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூங்காவில் மாலைக் கூத்து அதுதான். எனக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் காத்து நிற்கின்றன. நாற்பது நிமிடம்.

அப்போது பக்கத்து இடத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும், கையில் தேநீர்க் கோப்பை. காத்து நின்றவர்களைப் பார்த்துக் கையைக் காட்டி, "பொறுங்கள்" என்றார். என்னிடம் வந்து, "ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடி" என்றார். அவ்வளவுதான். வானொலியில் படம் போட முடியாது, ஆனால் இதற்குப் படம் தேவையில்லை. ஸ்டீயரிங்கைக் கடிகாரம் என்று நினையுங்கள். ஆறு மணி இருக்கும் இடத்தில் ஒரு கையை வையுங்கள். ட்ரெயிலரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தக் கையை அந்தப் பக்கம் தள்ளுங்கள். வலப்பக்கம் போக வேண்டுமா, கை வலப்பக்கம். மெல்ல, மிக மெல்ல. சரியில்லையென்றால் முன்னால் எடுத்து மறுபடி தொடங்குங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்க் கண்ணால் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ட்ரெயிலர் உள்ளே போய் நின்றது. எதிர்க் குடும்பம் கைதட்டியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இடது, வலது என்ற சொற்கள் கிடையாது. "சாரதி பக்கம்", "மற்றப் பக்கம்", அவ்வளவுதான். மனைவி என் கண்ணாடியில் தெரியும் இடத்தில்தான் நிற்பார். அவர் தெரியாவிட்டால் நான் உடனே நிறுத்திவிடுவேன். கத்துவதற்குப் பதில் தொலைபேசியில் பேசிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை வெறுமையாகக் கிடக்கும் ஏதாவது ஒரு வாகனத் தரிப்பிடத்தில், உரியவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் பழகுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் அறிவிப்பாளர் தம்பி மூன்று விரலைக் காட்டுகிறார். கோடைத் திட்டங்களுக்கென்று நான்கு பக்கம் எழுதி வந்திருக்கிறேன், வேகமாகச் சொல்கிறேன்.

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதத்துக்கு முன்னால், காலை ஏழு மணிக்கு முன்பதிவு திறக்கும். ஓகஸ்ட் முதலாம் திகதி போக வேண்டுமென்றால் மார்ச் முதலாம் திகதி காலை உட்கார்ந்திருக்க வேண்டும். அது தவறிவிட்டது என்று ஆறு குடும்பமும் கவலைப்பட்டன. கவலை வேண்டாம், ஞாயிறு முதல் வியாழன் வரை பாருங்கள், யாராவது விட்டுக்கொடுத்த இடம் வரும். அல்லது செப்டம்பர் கடைசி வாரம் அல்கோன்குவின் போங்கள். 1893இல் தொடங்கிய பூங்கா, 60ஆம் நெடுஞ்சாலை ஓரமாக மின்சாரம் உள்ள இடங்கள் உண்டு, அப்போது மேப்பிள் மரங்கள் சிவந்திருக்கும், நுளம்பும் இருக்காது. விறகை இங்கிருந்து கொண்டு போகாதீர்கள், மரத்தைத் துளைக்கும் பூச்சி அதோடு சேர்ந்து போகும். அங்கேயே வாங்குங்கள். கறிச் சட்டியை இரவில் வெளியே வைக்காதீர்கள், அங்கே கரடி உண்டு, ஆட்டுக்கறி நமக்கு மட்டுமா பிடிக்கும்?

பிரம்டன் அண்ணர். சுருக்கமாக. கழிப்பறைத் தொட்டியின் வடிகால் வாயை அவர் நான்கு நாளும் திறந்தே விட்டிருந்தார். நீர் ஓடிவிட்டது, மிகுதி ஓடவில்லை, குவிந்து இறுகிவிட்டது. வாயை மூடி வையுங்கள், தாராளமாகத் தண்ணீர் விடுங்கள், மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு திறவுங்கள். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளித்த தண்ணீரின் தொட்டி, அப்போது குழாய் தானாகக் கழுவப்படும்.

ஒரு விரல் காட்டுகிறார். ஒக்டோபரில் உறைபனி வருமுன் குழாய்களில் தண்ணீரை வடித்துவிட்டு, ட்ரெயிலருக்கென்று விற்கும் உறையாத் திரவத்தை ஏற்ற வேண்டும். இளஞ்சிவப்பு நிறத்தில் இருப்பதை வாங்குங்கள். கார் எஞ்சினுக்கு ஊற்றுகிறோமே பச்சைத் திரவம், அது நஞ்சு, அதை வாங்கிவிடாதீர்கள். இளஞ்சிவப்பு. நன்றி, வணக்கம்.