வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கும் வாந்தி

ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள்: "மகனுக்கு 15 வயது. கால் எலும்பில் கேன்சர், சிஸ்பிளாட்டின் கீமோ ஏற்றுகிறார்கள். ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறான். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் வாந்தி ஆரம்பிக்கிறது. இப்போது ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே குமட்டுகிறது என்கிறான்."

அம்மா, சிஸ்பிளாட்டின் அப்படிப்பட்ட மருந்துதான். முதல் 24 மணி நேரத்தில் வரும் வாந்திக்கு முக்கியக் காரணம் குடலில் வெளியாகும் செரோடோனின் என்ற ரசாயனம். ஒன்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து அதன் வேலையைத் தடுக்கிறது. இரண்டாம், மூன்றாம் நாள் வருவதில் மூளையில் வேலை செய்யும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஒன்டான்செட்ரான் மட்டும் போதாது. சப்ஸ்டன்ஸ் பி-யின் வேலையைத் தடுக்கும் அப்ரிபிடன்ட், டெக்ஸாமெத்தசோன் (டெக்ஸா) என்ற ஸ்டீராய்டு, இரண்டும் சேர வேண்டும். அப்ரிபிடன்ட் பொதுவாகக் கீமோவுக்கு ஒரு மணி நேரம் முன்பும், அடுத்த இரண்டு நாளும் கொடுப்பார்கள். பல வீடுகளில் என்ன நடக்கிறது என்றால், டிஸ்சார்ஜ் ஆகும்போது பையன் தெளிவாக இருக்கிறான், "வாந்திதான் இல்லையே" என்று மீதி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தொடங்கிவிட்ட வாந்தியை அடக்குவது ரொம்பக் கஷ்டம்.

அடுத்த சுற்று கீமோவுக்கு முன்பே இதை டாக்டரிடம் பேசுங்கள். நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம். சில கீமோ மருந்துகளோடு அப்ரிபிடன்ட் ஒத்துப்போகாது, டெக்ஸா கொடுக்கக் கூடாத பிள்ளைகளும் உண்டு. அப்படியும் நிற்காவிட்டால் ஓலன்ஸபின் எழுதலாம். மனநோய்க்கான மாத்திரை ஆயிற்றே என்று பயப்படாதீர்கள், குறைந்த அளவில் குமட்டலுக்கு நன்றாகக் கேட்கும். தூக்கம் வரும், அதனால் இரவில் தருவார்கள்.

அப்புறம், வாசலைப் பார்த்தாலே குமட்டுவது நடிப்பு இல்லை. முன்பு பட்ட பாட்டை உடம்பு மறக்கவில்லை. அவனை அதட்டாதீர்கள். கீமோவுக்கு முந்தின இரவும் அன்று காலையும் கொடுக்க, பதற்றத்தைக் குறைக்கும் லோரஸிபாம் என்ற மாத்திரை இருக்கிறது. மூச்சுப் பயிற்சியும், காதில் பிடித்த பாட்டும்கூட உதவும்.

இந்த வயதில் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். வாந்தியை நாம் பார்த்துவிடலாம், குமட்டலைப் பார்க்க முடியாது. "பத்துக்கு எத்தனை?" என்று தினமும் அவனையே கேளுங்கள். டாக்டரிடமும் அவனே சொல்லட்டும்.

கீமோ நாளில் அவனுக்கு மிகவும் பிடித்த சாப்பாட்டைக் கொடுக்காதீர்கள். அதை வாந்தி எடுத்தால் பிறகு அந்த உணவையே வெறுத்துவிடுவான். இட்லி, ரசம் சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டுவிட்டது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து. உடம்பில் நீர் வற்றினால் அந்தப் பாதிப்பு கூடும்.