கியர்பாக்ஸைக் கழற்றும் முன் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்

வணக்கம். எனக்குப் பின்னால் நிற்பது 1990களின் இறுதியில் வந்த டீசல் பிக்கப். இதற்கு ஆறு சிலிண்டர் எஞ்சினும் நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் உள்ளன. சில மாதங்களுக்கு முன், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் சென்றுகொண்டிருந்தபோது, நான் ஆக்சிலரேட்டரை அசைக்காமலேயே, எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஏறுவதும் இறங்குவதுமாகத் தடுமாறத் தொடங்கியது. வண்டியைக் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பிரித்தே ஆக வேண்டும் என்றார்கள். கடைசியில் கியர்பாக்ஸின் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் அந்தக் குறை தீர்ந்தது. எந்த வரிசையில் சோதித்தேன் என்பதை இன்று விளக்குகிறேன்.

முதலில், தடுமாறுவது கியரா, அல்லது எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டான லாக்-அப்பா என்று பிரித்தறிய வேண்டும். வண்டி ஒரே வேகத்தில் ஓடும்போது கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒரு கிளட்ச் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டிவிடும். அந்தப் பூட்டு விடுபட்டால் ஆர்பிஎம் சில நூறு ஏறும், ஓட்டுபவருக்கு அது கியர் நழுவுவது போலவே தோன்றும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. பின்னால் வண்டிகள் இல்லாத நேரான சாலையில், ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பெடலைத் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் சமிக்ஞை கொடுத்ததும் லாக்-அப் விடுபடும். அப்போது முள் ஏறும் அளவும் உங்கள் வண்டி தானாகத் தடுமாறும்போது ஏறும் அளவும் ஒன்றாக இருந்தால், கியர் மாறவில்லை, லாக்-அப்தான் விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். என் வண்டியில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அடுத்தது கியர்பாக்ஸ் ஆயில். எல்லா வண்டிகளிலும் கியர் லீவரைப் ‘பார்க்’ (P) நிலையில் வைத்து அளவு பார்க்கும் பழக்கம் தவறானது. எடுத்துக்காட்டாக, டாட்ஜ் ராம் கம்மின்ஸ் டீசலில் வந்த 47ஆர்ஈ கியர்பாக்ஸில் பார்க்கில் இருக்கும்போது கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது. ஆகவே ஆயில் சூடான பிறகு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எஞ்சின் ஐடிலில் ஓட, நியூட்ரலில் வைத்துத்தான் டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். நிறத்தையும் வாசனையையும் கவனியுங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் கருகியிருக்கிறது. இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும், கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் கலந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியை அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். என் வண்டியின் ஆயில் தெளிவாக இருந்ததால்தான் பிரிக்கச் சொன்னதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இனி மின்சாரத்துக்கு வருவோம். இதைத்தான் பெரும்பாலானோர் பார்க்காமல் விடுகிறார்கள். எஞ்சினால் சுழன்று பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் உண்மையில் மாறுதிசை மின்சாரத்தை உற்பத்தி செய்கிறது. அதை நேர்மின்சாரமாக மாற்றுபவை உள்ளே இருக்கும் டயோடுகள். ஒரு டயோடு பழுதானாலும் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும், எச்சரிக்கை விளக்கும் எரியாமல் இருக்கலாம். ஆனால் வயரிங்கில் கசியும் மாறுதிசை மின்சாரத்தின் அலைவு, ஆக்சிலரேட்டர் சென்சாரும் வேக சென்சாரும் அனுப்பும் சிறிய வோல்டேஜ்களோடு கலந்துவிடுகிறது. கால் ஆடுவதாக எண்ணி, கம்ப்யூட்டர் லாக்-அப்பை விடுவிப்பதும் மீண்டும் பூட்டுவதுமாக இருக்கிறது.

சோதிக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஏசி மின்விசிறியையும் போட்டு, மீட்டரை மாறுதிசை வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்டினால் கவலையில்லை. அதைத் தாண்டினால் டயோடுகளைச் சந்தேகியுங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்த உடனே அளக்காதீர்கள், ஏனென்றால் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் விட்டு விட்டு இயங்கி அளவைக் குழப்பிவிடும். உறுதிப்படுத்த நான் இன்னொன்றும் செய்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு இணைப்பான சிறிய பிளக்கை மட்டும் கழற்றி, அது மின்சாரம் தராதபடி செய்து, பேட்டரி மின்சாரத்திலேயே சிறிது தூரம் பகலில் ஓட்டிப் பார்த்தேன். தடுமாற்றம் முற்றிலும் நின்றுவிட்டது. ஆல்டர்னேட்டரை மாற்றினேன், பேட்டரிகளின் எர்த் வயர் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கினேன். அன்றிலிருந்து முள் அசையவில்லை.

உங்கள் வண்டியில் கோளாறு லாக்-அப்பில் இல்லாமல் கியர் மாறும் நேரத்தில் இருந்தால், ஆக்சிலரேட்டர் அழுத்தும் அளவைக் கியர்பாக்ஸுக்குத் தெரிவிக்கும் த்ராட்டில் வால்வு கேபிளைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, கியர் சீக்கிரமாகவும் மென்மையாகவும் மாறும். கேட்க அது சுகமாக இருந்தாலும், பாரம் ஏற்றும்போது கிளட்சுகள் நழுவிக் கருகுவது அதனால்தான். அதிகமாக இழுத்து வைத்தால் கியர் தாமதித்து, உதைத்து மாறும்.

இவ்வளவுக்குப் பிறகும் குறை நீடித்தால் மட்டும் கியர்பாக்ஸின் அடியில் ஆயிலைத் தாங்கும் தட்டான ஆயில் பானைக் (pan) கழற்றுங்கள். அதனுள் இருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரல்களுக்கிடையே உருட்டினால் உறுத்தும் உலோகத் துண்டுகளோ, கருகிய கிளட்ச் பொருள் கட்டியாகவோ இருந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேளை உண்மையிலேயே வந்துவிட்டது. அப்போது ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேளுங்கள்: கன்வெர்ட்டரை மாற்றவும், கூலரையும் அதன் குழாய்களையும் முழுவதும் கழுவவும் அல்லது புதிதாகப் போடவும் சொல்லுங்கள். பழைய துகள்கள் அவற்றில் தங்கியிருந்தால், புதிதாகக் கட்டிய கியர்பாக்ஸுக்குள் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடும்.