நெடுந்தீவுக் குதிரை எத்தனை முழம்?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில், குதிரைகள் கட்டின்றித் திரியும் நெடுந்தீவுக்குப் போய் வருகிறவர்களுக்கு என்னைக் கண்டால் ஒரு கேள்வி தயாராக இருக்கும். மிருக வைத்தியம் பார்த்தவன் என்பதால் கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டி, "டொக்டர், இது குதிரையா, மட்டக்குதிரையா?" என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில் 'போனி' என்கிறார்களே, அந்தக் குட்டைக் குதிரைதான் மட்டக்குதிரை. படத்தில் வெட்டவெளி, காய்ந்த புல், நடுவில் ஒரு விலங்கு. பக்கத்தில் ஒரு மனிதரோ மதிலோ இருந்தாலாவது ஏதாவது சொல்லலாம். அதுவும் இருக்காது. அளந்தால் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஆனால் அளந்த பிறகும் இந்தக் கேள்வி முழுதாகத் தீர்ந்துவிடாது. ஏன் என்று இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குதிரையின் உயரம் என்றால் தலை வரைக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தலையை அளவுக்கு எடுத்துக்கொண்டால் புல் மேயும்போது ஒரு உயரமும் தூரத்தில் நாய் குரைக்கும்போது இன்னொரு உயரமும் வரும். ஆகவே கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ள மேட்டைக் கணக்கில் எடுக்கிறார்கள். தோள்மேடு என்று வைத்துக்கொள்வோம். முதுகெலும்பின் முட்கள் அங்கே நீண்டு மேலெழுந்து நிற்பதால் அந்த மேடு உண்டாகிறது. தலை எங்கே போனாலும் அது பெரிதாக அசையாது. நிலத்திலிருந்து தோள்மேட்டின் உச்சி வரைக்கும் உள்ள செங்குத்துத் தூரமே குதிரையின் உயரம்.

பெரிதாக அசையாது என்றேன். அறவே அசையாது என்று சொல்லவில்லை. மனிதனுக்கு இருப்பதுபோலக் குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களுக்கு இடையே அதன் உடம்பு தசைகளாலும் நார்களாலும் தொங்கவிடப்பட்டிருக்கிறது. பயந்து விறைத்து நிற்கும் குதிரையின் தோள்மேடு சற்று மேலே இருக்கும். அதே குதிரை பயம் தெளிந்து உடல் தளர்ந்து நின்றால் கொஞ்சம் கீழே இறங்கும். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் அந்தச் சிறிய வித்தியாசத்தில் பெரிய பணம் புரளும் நாடுகள் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அளக்கும் முறை எளிது, ஒழுங்கு மட்டும் வேண்டும். தரை சீமெந்துத் தளம் போலச் சமமாக இருக்க வேண்டும். நான்கு கால்களிலும் பாரம் ஒத்து விழ வேண்டும். முன்னங்கால்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். தலையை மிக உயர்த்தவும் விடக்கூடாது, தொங்கவும் விடக்கூடாது. இலாடம் இருந்தால் கழற்றிவிட்டு அளப்பது நல்லது. முடியாவிட்டால் அதற்கு ஒரு கழிவு கொடுப்பார்கள். அளவுகோல் ஒரு நேரான தடி. அதில் மேலும் கீழும் நகரும் குறுக்குச் சட்டம் ஒன்று இருக்கும். அந்தச் சட்டத்தில், மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டம் போன்ற குமிழ் பொருத்தியிருக்கும். குமிழ் நடுவுக்கு வந்தால் அளவு சரி. தையற்காரரின் நாடாவால் உயரத்தை அளக்கக்கூடாது. நாடா வயிற்றோடு வளைந்துபோகும். குதிரைக்கு இல்லாத உயரத்தைக் காட்டும்.

இனி அலகு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் குதிரையை இன்றும் 'கை' என்ற அளவில்தான் சொல்கிறார்கள். ஒரு கை என்றால் நான்கு அங்குலம். நம்மவர்கள் சாணும் முழமும் கொண்டு அளந்ததைப் போல அவர்கள் உள்ளங்கையின் அகலத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் கை வேறுபடும் அல்லவா? இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1540 ஆம் ஆண்டுச் சட்டத்தில், கை என்றால் நான்கு அங்குலம் என்று உறுதிப்படுத்தினார்கள். போருக்குப் பெரிய குதிரை வேண்டும் என்பது மன்னரின் கவலை. குறித்த உயரத்துக்குக் குறைந்த ஆண் குதிரைகளைப் பொது மேய்ச்சல் நிலத்தில் விடக்கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம். அப்படிப் பார்த்தால் சிறிய குதிரைகளை ஒழிப்பதற்காக வந்த அளவு இது. குட்டையான மலைக் குதிரைகள் அரச கட்டளையைப் பற்றிக் கவலைப்படாமல் இன்றுவரை பெருகி வாழ்கின்றன என்பது வேறு கதை.

இதை எழுதும் விதத்தில் ஒரு பொறி இருக்கிறது. 14.2 என்று எழுதியிருந்தால் அது தசமம் அல்ல. பதினான்கு கை, அதற்கு மேல் இரண்டு அங்குலம். புள்ளிக்குப் பின்னால் மூன்றுக்கு மேல் எந்த இலக்கமும் வர முடியாது, ஏனென்றால் நான்கு அங்குலம் சேர்ந்ததும் அது அடுத்த கை ஆகிவிடும். யாராவது 14.5 உயரக் குதிரை விற்கிறேன் என்றால் அவருக்குக் குதிரை தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

இந்த 14.2 தான் குதிரையையும் மட்டக்குதிரையையும் பிரிக்கும் கோடு. மொத்தம் 58 அங்குலம், ஏறக்குறைய 147 சென்ரிமீற்றர். நம் கணக்கில் மூன்று முழமும் நான்கு அங்குலமும். சர்வதேசப் போட்டிகளில் இலாடம் இல்லாமல் 148 சென்ரிமீற்றர், இலாடத்தோடு 149 வரை மட்டக்குதிரை. அதற்கு மேல் போனால் குதிரை. உங்கள் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம் என்றால், இந்தக் கோட்டில் நிற்கும் விலங்கின் தோள்மேடு உங்கள் தோளுக்கும் நாடிக்கும் நடுவே வரும். கண்ணால் மதிப்பிட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

கோடு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சிக்கல் எங்கே வருகிறது? அரேபியக் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இனத்தில் பல குதிரைகள் 14.1, 14.2 அளவில்தான் நிற்கும். ஆனால் அதை மட்டக்குதிரை என்று அதன் சொந்தக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்! ஐஸ்லாந்துக் குதிரை பெரும்பாலும் 13, 14 கைதான். வளர்ந்த ஆண்களைச் சுமந்துகொண்டு கரடுமுரடான நிலத்தில் நாள்முழுக்க நடக்கும். அந்த நாட்டவர்கள் அதைக் குதிரை என்றே அழைக்கிறார்கள். மறுபக்கம் போலோ விளையாட்டு இருக்கிறது. ஆங்கிலேயர் அதை மணிப்பூரில் பார்த்துப் பழகியபோது அங்கிருந்தவை உண்மையிலேயே குட்டையான குதிரைகள். பிறகு உயர வரம்பு வைத்தார்கள், சிறிது சிறிதாகக் கூட்டினார்கள், முதல் உலகப் போருக்குப் பிறகு வரம்பையே எடுத்துவிட்டார்கள். இன்று போலோ மைதானத்தில் ஓடுபவை பெரும்பாலும் பதினைந்து கைக்கு மேற்பட்டவை. இருந்தாலும் அவற்றுக்கு மட்டக்குதிரை என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 14.2 என்பது இயற்கை போட்ட கோடு அல்ல. போட்டி நடத்துகிறவர்கள் யாரை யாரோடு ஓடவிடுவது என்று தீர்மானிக்கப் போட்ட கோடு. நம்முடைய மாட்டுவண்டிச் சவாரியிலும் எல்லா மாட்டையும் ஒரே ஓட்டத்தில் விடுவதில்லை. பிரிவு பிரித்துத்தான் விடுகிறார்கள். அதற்காக ஒரு பிரிவு மாடும் அடுத்த பிரிவு மாடும் வெவ்வேறு விலங்குகளா? எல்லாக் குதிரையும் விலங்கியலில் ஒரே இனம்தான். மட்டக்குதிரைக்கென்று சில உடற்கூறுகள் உண்டு. உயரத்தோடு ஒப்பிட்டால் கால் குட்டை, வயிறு அகலம், எலும்பு தடிப்பு, பிடரி மயிரும் வாலும் அடர்த்தி. அனுபவம் உள்ளவர்கள் உயரத்தைவிட இவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

குட்டைக்கும் ஒரு தேவை இருந்தது. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்ட் தீவுகளின் குதிரை 42 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது அதன் இன விதி. பிரித்தானியாவில் 1842 ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலைக்கு விடக்கூடாது என்றது. கரி வண்டியை இழுக்க ஆள் இல்லை. தாழ்ந்த சுரங்கப் பாதையில் நிமிர்ந்து நடக்கக்கூடியவை ஷெட்லாண்ட் போன்ற குட்டைக் குதிரைகளே. அந்தக் குதிரைகள் இருட்டுக்குள் போன கதை அது. பலவற்றின் ஆயுள் அங்கேயே முடிந்தது.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், சிறுவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1846 இல் இங்கிலாந்தில் பிறந்த சம்சன் என்ற ஷயர் குதிரை இருபத்தொரு கையைத் தாண்டி, ஏறக்குறைய 220 சென்ரிமீற்றர் வளர்ந்தது. அதன் பக்கத்தில் ஓர் உயரமான மனிதர் நின்றாலும் முதுகுக்கு அப்பால் இருப்பதைப் பார்க்க முடியாது. மறு எல்லையில் அமெரிக்காவில் இருந்த தம்பலினா. அதன் உயரம் 17 அரை அங்குலம். ஒரு முழம்கூட இல்லை.

இன்னொரு மயக்கத்தையும் நீக்கிவிட வேண்டும். மட்டக்குதிரை என்பது குதிரைக் குட்டி அல்ல. குட்டி வளரும்; ஒரு வயதிலேயே முழு உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். குட்டியின் கால் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் இருக்கும். மட்டக்குதிரையின் கால் அதற்கு நேர்மாறு. தூரத்திலிருந்து பார்த்தே பிரித்துச் சொல்லிவிடலாம்.

இப்போது அந்தப் பண விவகாரம். வெளிநாட்டில் ஒரு நல்ல போட்டி மட்டக்குதிரை 148 ஐத் தொட்டுக்கொண்டு நின்றால் விலை ஏறும், ஏனென்றால் அந்தப் பிரிவில் அதுதான் பெரியது. 150 என்று அளவுச் சான்றிதழ் வந்துவிட்டால், பெரிய குதிரைகளோடு மோத வேண்டும், விலை விழும். அந்த இரண்டு சென்ரிமீற்றருக்காகக் குளம்பை அளவுக்கு மீறிச் சீவுவார்கள். முதல் நாள் முழுக்க ஓட்டிக் களைக்க வைப்பார்கள், தண்ணீரைக் குறைப்பார்கள். களைத்த குதிரையின் தசை தளர்ந்து தோள்மேடு இறங்கும் என்று முன்னரே சொன்னேன் அல்லவா, அதுதான் சூட்சுமம். ஒழுங்கான அளவீட்டாளர் களைத்த, நொண்டும் குதிரையை அளக்கவே மாட்டார். ஒரு பரிசுக் கோப்பைக்காக விலங்கைத் தாகத்தில் போடுவது வைத்தியனாக எனக்குச் சகிக்க முடியாத செயல்.

நம் ஊருக்கு வருவோம். தோளுயரத்தைப் பார்த்து விலை பேசும் வழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. ஊர்காவற்றுறையிலிருந்து யானைகள் கப்பலேறிய காலத்தில் யானையின் விலை உயரத்தைக் கொண்டே பேசப்பட்டது. நெடுந்தீவுக்குக் குதிரைகளைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் வளர்த்துப் பெருக்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற படை அதிகாரி தீவில் இருந்து குதிரை வளர்ப்பை நடத்தினார். லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. வளர்ப்பு கைவிடப்பட்டதும் குதிரைகள் வெளியே போய்த் தாமாகவே பெருகின. இன்று தீவின் தெற்கிலுள்ள வெளிகளில் திரிபவை அவற்றின் வழித்தோன்றல்கள். 2015 இல் நெடுந்தீவில் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது.

அவை பெரும்பாலும் 14.2 ஐ எட்டாதவை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. ஆனால் அந்தக் குட்டை எங்கிருந்து வந்தது? பரம்பரையிலிருந்தா, பட்டினியிலிருந்தா? வளரும் வயதில் புல்லும் தண்ணீரும் போதாத குட்டி, தன் இரத்தத்தில் எழுதியிருந்த உயரத்தை எட்டாமலே முதிர்ந்துவிடும். நெடுந்தீவில் வறட்சி வந்தால் குதிரைகள் சாகின்றன; தப்பியவையும் எலும்பு தெரிய நிற்கின்றன. உயரம் என்ற ஒரே எண்ணில் பரம்பரையும் மேய்ச்சலும் கலந்து கிடக்கின்றன. அளவுகோல் இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதனால்தான் அளந்தாலும் கேள்வி தீராது என்று தொடக்கத்தில் சொன்னேன்.

எனக்கு அங்கே உயரத்தைவிட எடைதான் முக்கியம். தராசு தேவையில்லை. இந்த இடத்தில் தையற்காரரின் நாடா உதவும். முன்னங்காலுக்குப் பின்னால், தோள்மேட்டைச் சுற்றி நெஞ்சளவை எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளத்தை எடுங்கள். இரண்டும் சென்ரிமீற்றரில் இருக்கட்டும். நெஞ்சளவை அதனாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோகிராமில் வரும். நெஞ்சளவு 140, நீளம் 125 உள்ள சிறிய குதிரைக்கு 206 கிலோ வருகிறது. பூச்சி மருந்து கொடுப்பதற்கும் தீனி கணிப்பதற்கும் இந்த எண்தான் வேண்டும். முதுகில் ஏற்றும் பாரம் எடையின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியென்றால் இந்தக் குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்து 41 கிலோ. நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையில் சவாரி போகிறவர்கள், ஏறுவதற்கு முன் குதிரையையும் தங்கள் வயிற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நெடுந்தீவுக் குதிரைகள் தடிக்கும் நாடாவுக்கும் நிற்காது. அவை காட்டில் பிறந்தவை, கிட்ட நெருங்கினால் ஓடும், பின்பக்கம் போனால் உதைக்கும். குறிகாட்டுவானில் படகேறிப் போகிறவர்கள் எனக்குப் படம் அனுப்ப விரும்பினால், குதிரை பவளக்கல் மதில் ஓரமாகப் போகும்போது பக்கவாட்டில் நின்று எடுங்கள். குதிரை நகர்ந்த பின் அதே மதிலின் உயரத்தை அளந்து எழுதி அனுப்புங்கள். குதிரை மதிலோடு ஒட்டி நின்ற படமாக இருந்தால், அதை வைத்து ஓரிரு அங்குல வித்தியாசத்தில் என்னால் கணக்கிட்டுச் சொல்ல முடியும். வணக்கம்.