ஸ்டீயரிங் கார்டு வாங்கும் முன் வண்டிக்கு அடியில் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

காட்டுப் பாதை, ஆற்றுப் படுகை, கல்மேடு என்று வண்டி ஓட்டுபவர்கள் முதலில் வாங்க நினைப்பது பெரிய டயர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், கூடுதல் விளக்கு. வண்டியைத் திருப்புகிற கம்பி எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. அந்தக் கம்பியைக் காக்கும் தகட்டை, ஸ்டீயரிங் கார்டை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இன்று பார்ப்போம். எல்லா வண்டிக்கும் பொதுவாகச் சொன்னால் யாருக்கும் உதவாது. அதனால் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரை எடுத்துக்கொள்கிறேன். 1983-இல் ஒன் டென் என்ற பெயரில் காயில் ஸ்பிரிங்கோடு வந்து, 2016 ஜனவரி 29 அன்று இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் உற்பத்தி நின்றதே, அந்த வண்டி.

முன் சக்கரங்களுக்கு நடுவே பார்த்தால் இரண்டு கம்பிகள் தெரியும். ஒன்று, சக்கரங்களைத் தாங்கும் குறுக்கு அச்சான ஆக்சிலுக்கு முன்னால் குறுக்கே போகிறது. வீலைத் திருப்புவதைக் கம்பிக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸின் கையில் தொடங்கி எதிர்ப்பக்கச் சக்கரத்தைப் போய்ப் பிடிக்கிறது. ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள வண்டியில் அது இடச் சக்கரம். இதுதான் டிராக் லிங்க். மற்றொன்று ஆக்சிலுக்குப் பின்னால், இரண்டு சக்கரங்களையும் இணைக்கிறது. அது டை ராட். புல்லுக்குள் மறைந்திருக்கும் அடிமரமோ கல்லோ முன்னால் வந்தால் முதலில் அடிவாங்குவது டிராக் லிங்க்தான். ஆக்சிலில் பல்சக்கரங்கள் அடங்கிய டிஃப்ரன்ஷியல் குண்டு வலப்பக்கம், கம்பிக்குப் பின்னால் இருக்கிறது. கம்பிக்கு முன்னால் எந்த மறைப்பும் இல்லை.

எந்தக் கம்பி வளைந்தது என்பதை வண்டியே சொல்லிவிடும். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்று, ஒருபக்கம் நன்றாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பினால் டிராக் லிங்க் வளைந்திருக்கிறது. டை ராட் வளைந்தால் அதன் நீளம் குறையும். அது ஆக்சிலுக்குப் பின்னால் இருப்பதால் சக்கரங்களின் பின்விளிம்புகள் நெருங்கி முன்விளிம்புகள் விலகும். வண்டி அலையும், டயரின் உள்விளிம்பு வேகமாகத் தேயும். இரண்டு முன் டயர்களின் இடைவெளியை, சக்கர மைய உயரத்தில் முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் டேப் வைத்து அளந்தாலே போதும். முன்னால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதல் என்றால் கவலையில்லை. ஐந்தாறு மில்லிமீட்டர் என்றால் கம்பியைச் சந்தேகியுங்கள்.

கடையில் விற்கும் ஸ்டீயரிங் கார்டு பெரும்பாலும் முன்கம்பிக்கு மட்டுமே காவல். நிறையப் பேர் இதைத் தெரியாமலே பணம் கொடுக்கிறார்கள். ஆக்சிலைத் தாண்டிவிட்ட கல் எகிறி டை ராடில் இடித்தால் முன்தகட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குத் தடித்த சுவர் உள்ள டை ராட் போடுவார்கள். ஆனால் அளவு வேண்டும். கம்பி கொஞ்சம்கூட வளையாதபடி ஆகிவிட்டால், அடியின் வேகம் முழுவதும் கம்பியின் முனையில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயிண்டுக்கும் சக்கரத்தைத் திருப்பும் கைக்கும் போய்ச் சேரும். வளைந்த கம்பியை ஜாக்கி வைத்து ஓரளவு நிமிர்த்தி மெதுவாக ஊர் வந்து சேரலாம். பால் ஜாயிண்ட் கழன்ற வண்டியை ஓட்டவே முடியாது.

இனி தகடு. எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. 900-க்கு 400 மில்லிமீட்டர் அளவுள்ள தகட்டைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 4 மில்லிமீட்டர் இரும்பில் அது ஏறத்தாழ 11 கிலோ இருக்கும். 6 மில்லிமீட்டர் அலுமினியத்தில் 6 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வளையாமல் நிற்கும் விறைப்பில் இரண்டும் ஏறக்குறைய சமம். எடை பாதியாகக் குறைவதால் அலுமினியம் ஆசைகாட்டும். ஆனால் கூர்மையான பாறை மேல் அலுமினியம் சறுக்காமல் கடித்துக்கொள்ளும், பள்ளம் விழும். இரும்பு சறுக்கிப் போகும். வளைந்தாலும் எந்தப் பட்டறையிலும் சூடுபடுத்தித் தட்டி எடுக்கலாம். பாறை நிறைந்த இடத்தில் ஓட்டுபவர் இரும்பே வாங்கட்டும். சேறு, மணல், புதர் என்றால் அலுமினியம் போதும். அலுமினியத்தை மடித்துச் செய்திருக்கிறார்களா, வெட்டி வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சூட்டில் பதப்படுத்திய 6082 போன்ற அலுமினியக் கலவை, வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டி வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். விரிசல் அங்கேதான் தொடங்கும்.

தடிமனைவிடப் பெரிய விஷயம், தகடு எதில் பிடித்திருக்கிறது என்பது. அது வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் நிற்கிறது. கம்பிகளோ ஆக்சிலோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன. ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்போது கம்பி மேலே வரும். அப்போது தகட்டின் பின்விளிம்பு டிராக் லிங்க்கையோ, ஸ்டீயரிங்கின் உதறலை அடக்கும் டேம்பரையோ தொடக்கூடாது. ஸ்பிரிங் தொங்கும்போது கம்பி தகட்டைவிடத் தாழ்ந்துவிடும். அந்த நேரத்தில் தகடு அரைக் காவல்தான். 50 மில்லிமீட்டர் உயரம் கூட்டும் ஸ்பிரிங் போட்டவர்கள் இதை அவசியம் கணக்கில் எடுக்க வேண்டும். உயரம் கூட்டாத வண்டிக்கென்று செய்த தகடு, உங்கள் வண்டியில் கம்பியிலிருந்து 50 மில்லிமீட்டர் மேலே தள்ளி நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு கல் தாராளமாக நுழையும். உங்கள் ஸ்பிரிங் உயரத்தைச் சொல்லி, அதற்கேற்ற தகட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இடைவெளியைச் சோதிக்கக் களிமண் போதும். தகட்டின் உள்பக்கத்தில் மூன்று நான்கு இடங்களில் களிமண் உருண்டையை ஒட்டுங்கள். ஒரு முன்சக்கரத்தைத் திட்டில் மெதுவாக ஏற்றி, ஸ்பிரிங் நன்றாக அமுங்கியதும் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். மறு சக்கரத்துக்கும் அப்படியே. பிறகு இறக்கி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்து பாருங்கள். 20 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்தத் தகடு இந்த வண்டிக்கு ஆகாது. யாரும் வண்டிக்கு அடியில் தலை கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

தகட்டின் வடிவத்தையும் பாருங்கள். முன்விளிம்பு மேல்நோக்கி மடங்கியிருந்தால் கல்லின் மேல் ஏறிச் சறுக்கும். பின்விளிம்பு கீழே நீட்டிக்கொண்டிருந்தால், பின்னோக்கி எடுக்கும்போது ஏர்க்கொழு போல மண்ணில் இறங்கும். சேறு வெளியேற நல்ல அகலமான துளைகள் வேண்டும். டிஃப்ரன்ஷியல் எண்ணெய்த் திருகுக்கு ஸ்பானர் போகிறதா என்பதையும் பாருங்கள். எண்ணெய் பார்க்கத் தகட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் யாரும் பார்க்கவே மாட்டார்கள். குழாய்க் கம்பியில் செய்த காவலில் சேறு தங்காது, ஆனால் ஒடிந்த மரக்கிளை இடையே நுழையும். வின்ச் பம்பர் போட்டிருந்தால் தகட்டின் மேல் போல்ட்டுகளுக்கு இடம் மிஞ்சுகிறதா என்று முதலிலேயே அளந்துவிடுங்கள்.

மாட்டும்போது சேஸியில் புதுத் துளை போடுவதைத் தவிர்த்து, பம்பர் போல்ட் போன்ற ஏற்கெனவே உள்ள இடங்களில் பிடிக்கும் தகடே நல்லது. டிஃபெண்டர் சேஸி உள்ளே வெற்றான பெட்டி. குறுக்கே போல்ட் போட்டு இறுக்கினால் சுவர் உள்ளே அமுங்கும். அங்கே உள்ளே ஒரு குழாய்த் துண்டு இருந்தே ஆக வேண்டும். போல்ட்டில் வலிமைத் தரத்தைக் காட்டும் 8.8 என்ற எண் பொறித்திருக்கட்டும். தகடு தயாரித்தவர் வேறு அளவு சொல்லாவிட்டால் எம் 10 போல்ட்டை 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், எம் 12-ஐ 80 முதல் 85 என்ற அளவுக்கு இறுக்குங்கள். அலுமினியத் தகடு என்றால் இரும்பு சேஸியை நேராகத் தொடாதபடி நைலான் வாஷரோ தடித்த பெயிண்டோ இடையில் வேண்டும், இல்லையேல் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து தொடும் இடத்தில் அலுமினியத்தை அரித்துவிடும். முதல் கரடுமுரடான ஓட்டத்துக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். கயிறு கட்டி இழுக்கவும் ஜாக்கி வைக்கவும் அந்தத் தகட்டைப் பயன்படுத்தாதீர்கள்.

2020-இல் வந்த மஹிந்திரா தாரும் புதிய டிஃபெண்டரும் வேறு கதை. முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்குவதால் அவற்றில் இப்படிக் குறுக்கே தொங்கும் கம்பி இல்லை. எஞ்சினுக்குக் கீழே போடும் தகடுதான் அவற்றுக்குத் தேவை. எந்த வண்டியானாலும், பம்பருக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் சட்டத்தோடு சேர்ந்து வரும் தகடு வேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பம்பருக்கு முன் மாட்டும் கிராஷ் கார்டுகளின் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர் மேல் பட்டால் அந்தச் சட்டம் செய்யும் சேதம் பெரிது.

தகட்டில் பலமாக இடித்த அன்று, தார்ச்சாலை ஏறும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள்: ஸ்டீயரிங் பாக்ஸைச் சேஸியோடு பிடிக்கும் போல்ட்டுகள், டிராக் லிங்க்கின் இரு முனை பால் ஜாயிண்டுகள், டேம்பரில் எண்ணெய்க் கசிவு, தகடு உள்ளே அமுங்கி எதையாவது தொடுகிறதா என்பது. ஒருவர் வீலை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைக்க, மற்றவர் பக்கத்தில் குனிந்து பார்த்தால், ஆட்டம் கொடுக்கும் ஜாயிண்ட் கண்ணுக்கே தெரியும். ஆட்டம் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி, ஏற்றிக்கொண்டு போக வேறு வண்டி வரவழையுங்கள்.

நன்றி, வணக்கம்.