இடது காலுக்கு ஒரு வேலை

வணக்கம் நேயர்களே. பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்கிறவனைக் கூப்பிட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கை கழுவிக்கொண்டுதான் வந்தேன். இருந்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. வானொலியில் அது தெரியாது, நல்லவேளை.

கியர் போட்டு ஓட்டும் கார், லாரிகளின் மேல் சிலருக்கு இன்னும் ஏன் இத்தனை ஆசை என்று பேசச் சொன்னார்கள். போன மாதம் நான் கழற்றிய ஒரு கிளட்ச் தட்டிலிருந்து தொடங்குகிறேன். இடது காலால் மிதித்து எஞ்சினையும் சக்கரத்தையும் பிரிக்கிற, சேர்க்கிற பாகம்தான் கிளட்ச். சின்னத் தோசை அளவில் ஒரு வட்டத் தட்டு. நடுவில் சுருள் கம்பிகள், ஓரத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் உராய்வுப் பட்டை. அந்தத் தட்டில் பட்டை முழுக்கத் தேய்ந்து ஆணித்தலைகள் வெளியே வந்துவிட்டன. அது உரசிய இரும்புச் சக்கரம் சூட்டில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. வேன் ஓட்டி வந்த பையனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "தம்பி, சிக்னலில் நிற்கும்போது இடது காலை எங்கே வைப்பீர்கள்?" அவர் பதில் சொல்லாமல் காலைப் பார்த்தார். கிளட்ச் மேலேயேதான், அதுதான் தட்டு இப்படித் தேய்ந்தது.

அதே வாரம் இன்னொரு தட்டும் வந்தது. சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து தேக்கா சந்தைக்கு விடிவதற்குள் காய்கறி ஏற்றி வரும் ஓர் அண்ணனின் லாரி. இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டது. தட்டு தேய்ந்திருந்தது, ஆனால் சீவி எடுத்த மாதிரி ஒரே சீராக. மூட்டை ஏற்றும் லாரி என்று சொன்னால் நம்ப முடியாது. எங்கள் தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவர் ஓட்டத் தெரிந்தவர்" என்றார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தே சொல்லிவிட்டார். தானே கியர் மாறும் 'ஆட்டோ' வண்டியின் கியர்ப்பெட்டியைத் திறந்தால் எண்ணெய் மாற்றினாரா இல்லையா என்று சொல்வேன். ஓட்டியவரின் கால் எப்படிப்பட்டது என்று சொல்ல எனக்குத் தெரியாது.

கிளட்ச் செய்யும் வேலை விசித்திரமானது. வண்டி நிற்கிறது, சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. எஞ்சினோ சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. சட்டென்று இரண்டையும் சேர்த்தால் எஞ்சின் குலுங்கி நின்றுபோகும். சேர்க்காமலே வைத்திருந்தால் வண்டி நகராது. கொஞ்சம் வழுக்க விட்டு, கொஞ்சம் பிடிக்க விட்டு, இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிடிக்க ஆரம்பிக்கும் அந்த இடத்தைத்தான் பயிற்றுநர்கள் 'பைட்டிங் பாயிண்ட்' என்கிறார்கள். மீட்டரில் அது தெரியாது. வண்டியின் மூக்கு லேசாக எழும்பும், எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்கும், பாதத்துக்கடியில் ஒரு நடுக்கம் வரும். சைக்கிளில் சமநிலை வந்த நாள் போல, அது பிடிபட்ட நாளை ஓட்டுநர்கள் மறப்பதில்லை.

நம் தீவில் அதைப் பழக மேடு எங்கே இருக்கிறது? மிக உயரமான புக்கிட் தீமா குன்றே ஏறக்குறைய 164 மீட்டர்தான். ஓட்டுநர் தேர்வுத் திடலில் ஒரு செயற்கைச் சரிவு கட்டி வைத்திருக்கிறார்கள், அதில் நிறுத்திப் பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். உண்மையான சோதனை வேறு இடத்தில். சனிக்கிழமை சாயங்காலம், வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளின் பல மாடிக் கார் நிறுத்தத்தின் ஏற்றம். முன்னால் ஒருவர் இடம் தேடி நிற்கிறார், பின்னால் ஒருவர் உங்கள் பம்பரை முத்தமிடும் தூரத்தில் நிற்கிறார். கைப்பிரேக்கை இழுத்து, கிளட்சை அந்த நடுக்கம் வரும்வரை விட்டு, ஆக்சிலேட்டரைத் தொட்டு, கைப்பிரேக்கை இறக்க வேண்டும். மொத்தம் இரண்டே விநாடி. வியர்த்துக்கொட்டும். ஆனால் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறிவிட்டால், மனைவி பக்கத்தில் இருந்தால் ஒரு பார்வை பார்ப்போம் பாருங்கள்!

இங்கே கிளாஸ் 3 உரிமம் இருந்தால் இரண்டு வகைக் காரும் ஓட்டலாம், கிளாஸ் 3ஏ இருந்தால் ஆட்டோ மட்டும்தான். இளையவர்கள் 3ஏ எடுப்பதில் எனக்குக் குறையில்லை. கார் வாங்கும் உரிமைச் சான்றிதழே 2023இல் சின்னக் கார்களுக்கும் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அவ்வளவு கொடுத்து வாங்கிவிட்டு நெரிசலில் இடது கால் வலிக்க உட்கார வேண்டுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் வீட்டுக் காரும் ஆட்டோதான், சொல்லிவிடுகிறேன். ஆக, இந்த ஊரில் கியரைக் கட்டிக் காத்து வருகிறவர்கள் பெரும்பாலும் லாரிக்காரர்கள். ஆசைக்காக இல்லை, பிழைப்புக்காக.

அந்தக் காலத்தில் கியர் மாற்றுவது இன்னும் கஷ்டம். பற்சக்கரங்களின் வேகத்தை ஓட்டுகிறவரே சமன் செய்ய வேண்டும். கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, எஞ்சினை ஒரு உறுமு உறும வைத்து, மறுபடி மிதித்துக் கீழ் கியர் போட வேண்டும். தப்பினால் 'கரகர' என்று பல்லைக் கடிக்கும். 1928இல் கெடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் என்ற அமைப்பு வந்த பிறகு அந்தச் சமன் செய்யும் வேலையைக் கியர்ப்பெட்டியே பார்த்துக்கொண்டது. ஆனால் சிங்க்ரோ வளையம் தேய்ந்துபோன பழைய லாரிகளை ஓட்டிப் பார்க்கும்போது, தவுக்கே சொல்லிக்கொடுத்த அந்த இரட்டை மிதிதான் இன்றைக்கும் எனக்குக் கை கொடுக்கிறது.

மேட்டைவிட இறக்கத்தில்தான் கியரின் அருமை தெரியும். மலேசியாவின் கெந்திங் மலை உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். அந்தக் கருகல் வாடையை அந்தச் சாலையில் அடிக்கடி முகர்ந்திருக்கிறேன். இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆட்டோவிலும் கீழ் கியருக்கு 'எல்' என்று ஓர் எழுத்து இருக்கிறது. எத்தனை பேர் அதைத் தொட்டிருப்பார்கள்?

வேகத்துக்காகத்தான் கையால் கியர் மாற்றும் மேனுவல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2013இல் போர்ஷே தன் 911 ஜிடி3 காரை ஆட்டோவாக மட்டுமே விற்றது. பந்தயத் தடத்தில் அதுதான் வேகம் என்றது, அது உண்மையும்கூட. ஆனால் ரசிகர்கள் விடவில்லை. 2016இல் மேனுவல் கியரோடு 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும் செய்தார்கள், அடுத்த ஆண்டு ஜிடி3-யிலும் மேனுவல் திரும்பி வந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட ஆட்டோவுக்கு 3.4 விநாடி, மேனுவலுக்கு 3.9. அரை விநாடி பிந்தும் என்று தெரிந்தே காசு கொடுத்து வாங்கினார்கள்.

இன்னும் வேடிக்கை, ஹூண்டாய் 2023இல் கொண்டுவந்த ஐயோனிக் 5 என் என்ற மின்கார். அதில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் எட்டுக் கியர் இருப்பதுபோல் பாவனை செய்யும். மாற்றும்போது லேசாக உதறும், ஒலிபெருக்கியில் எஞ்சின் உறுமும். கேள்விப்பட்டதும் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. கிளட்ச் இல்லாத உதறல் எனக்கு உப்பில்லாத ஊறுகாய்.

2030 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதியும் கார்கள் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும், 2040க்குள் எல்லா வாகனங்களையும் அப்படி மாற்றுவது இலக்கு. காற்றுக்கு நல்லது, எனக்கு மறுப்பில்லை.

அந்தக் காய்கறி அண்ணனுக்கும் புது வண்டி வந்துவிட்டது. சரக்கு வாகனத்துக்கு இங்கே இருபது ஆண்டுதான் ஆயுள், அவருடையது முடிந்துவிட்டது. முதலாளி மின்சார வேன் வாங்கிக் கொடுத்தார். முதல் நாளே சிராங்கூன் சாலை சிக்னலில் நிற்கப் போனவர், கிளட்ச் என்று நினைத்து இடது காலால் ஓங்கி மிதித்திருக்கிறார். அங்கே இருந்தது பிரேக். வண்டி சடக்கென்று நின்று, பின்னால் தக்காளிக் கூடைகள் சரிந்து, இரண்டு கூடை நசுங்கிவிட்டது.

"இப்போது பழகிவிட்டதா அண்ணே?" என்று கேட்டேன்.

"எங்கே! இடது காலை மடக்கி சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன்" என்றார்.