பெயரை விடாத பிள்ளை

(யாழ்ப்பாணத்தில் மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

அன்பான பிள்ளைகளே, பெற்றோரே, வணக்கம்.

நான் இன்றைக்குக் கதைக்கப்போவது ஒரு அனிமேஷன் படத்தின் நாயகியைப் பற்றி. பெயர் சிஹிரோ, வயது 10. ஜப்பானில் ஹயாவோ மியாசாகி 2001இல் எடுத்த ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தில் வருகிறாள். நண்பர்களின் பத்து வயதுப் பெண்பிள்ளைகளை மனதில் வைத்தே அவர் அதை எடுத்தார். 2003இல் ஆஸ்கரும் கிடைத்தது.

படம் தொடங்கும்போது அவள் காரின் பின் சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். புது ஊருக்குப் போக விருப்பமில்லை. சுரங்க வழியில் அம்மாவின் கையை விடுகிறாளில்லை. பெரிய வடிவும் இல்லை, மந்திரமும் தெரியாது. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அங்கேதான்.

தெய்வங்கள் குளிக்க வரும் விடுதி ஒன்று. அந்த இடத்தில் அம்மாவும் அப்பாவும் பன்றிகளாகிவிடுகிறார்கள். அவர்களை மீட்க அவள் அங்கே வேலைக்குச் சேர வேண்டும். விடுதிக்காரி யுபாபா ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, பெயரின் எழுத்துகளைக் கையாலேயே அள்ளி எடுக்கிறாள். மிஞ்சிய எழுத்தை ஜப்பானிய மொழியில் ‘சென்’ என்றும் வாசிக்கலாம்; அப்படியே அவளைக் கூப்பிடுகிறாள். சொந்தப் பெயரை மறந்தால் வீடு திரும்ப வழியில்லை.

எனக்கு நம் வீடுகள் நினைவுக்கு வந்தன. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவுக்கு வருகிற எத்தனை பிள்ளைகளுக்குப் பெயர் பாதியாகிப் போயிருக்கிறது! மற்றவர்களின் வாயில் வரவில்லை என்று வெட்டிய பெயர். அம்மம்மா முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்களில்லை. பிள்ளைகளில் குற்றமில்லை. சிஹிரோவுமே மறக்கத்தான் பார்த்தாள். பழைய தோழி தந்த பிரியாவிடை அட்டையில் தன் பெயரைக் கண்ட பிறகுதான் நினைவு வருகிறது. அதன்பிறகு சோற்றுருண்டையைத் தின்றபடியே அழுகிறாள், அம்மாடி, எவ்வளவு பெரிய கண்ணீர்த் துளிகள்! அந்த இடத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அதே விடுதியில் முகமூடி போட்ட ஒருவன். சொந்தக் குரல் இல்லாமல், ஒரு தவளையை விழுங்கி அதன் குரலில் கதைக்கிறான். கை நிறையத் தங்கம் நீட்டுகிறான், விடுதியே அவன் பின்னால் ஓடுகிறது. சிஹிரோ வாங்கவில்லை. தனக்கு வேண்டியதை அவனால் தர முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள்.

கடைசியில், நிறுத்தி வைத்திருக்கும் பன்றிகளில் அம்மாவும் அப்பாவும் எவை என்று காட்டச் சொல்கிறாள் யுபாபா. சிஹிரோ எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கிறாள். இதற்குள் அவர்கள் இல்லை என்கிறாள். அவள் சொன்னது சரி.

பிறகு மூன்று பேரும் அதே சுரங்க வழியால் வீடு திரும்புகிறார்கள். இருட்டில் அவள் மறுபடியும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.