நான்கு இழை முடிச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

முதலில் ஓர் எழுத்து வரிசையை வாசிக்கிறேன், கேளுங்கள். டி, ஜி ஜி ஜி ஜி, ஏ, ஜி ஜி ஜி, டி, ஜி ஜி ஜி ஜி, ஏ, ஜி ஜி ஜி, டி, ஜி ஜி ஜி ஜி, ஏ ஏ, ஜி ஜி.

மொத்தம் 27 எழுத்து. இந்த வரி உங்கள் டி.என்.ஏ-விலும் இருக்கிறது, என்னுடையதிலும் இருக்கிறது. சி-மிக் என்ற மரபணுவின் புரமோட்டரில், அதாவது அந்த மரபணுவைப் படிக்கத் தொடங்குவதா வேண்டாமா என்று முடிவாகிற வாசற்படியில். செல்லை 'வளர், இரண்டாகப் பிரி' என்று ஏவுவது சி-மிக். அது அளவு மீறினால் புற்றுநோய்க்கு வழி திறக்கும். அதன் இயக்கத்தில் 80 முதல் 90 சதவீதம் இந்தச் சின்னத் துண்டின் பிடியில் இருக்கிறது.

ஏன் இத்தனை ஜி? ஜி என்றால் குவானின். அது சி-யோடு ஜோடி சேரும் என்று பள்ளியில் படித்திருப்போம். சரிதான். ஆனால் குவானினுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நான்கு குவானின்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சதுரமாக நிற்கும். ஒரு சதுரத்தின் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று. நம் வீட்டு இட்லித் தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுகளை நடுத்தண்டு தாங்குகிறதல்லவா? இங்கே அந்த வேலையைச் செய்வது பொட்டாசியம் அயனிகள். செல்லுக்குள் பொட்டாசியத்துக்குப் பஞ்சமே இல்லை. அதற்குப் பதில் லித்தியத்தை வைத்தால் அடுக்கு அவ்வளவு உறுதியாக நிற்காது. இந்த அடுக்குக்குத்தான் ஜி-குவாட்ருப்ளெக்ஸ் என்று பெயர். சுருக்கமாக, முடிச்சு என்றே சொல்கிறேன்.

1962-லேயே இந்தச் சதுரத்தை எக்ஸ் கதிர் மூலம் கண்டுவிட்டார்கள். ஆனால் ரொம்ப நாள் அது சோதனைக்குழாய் விநோதமாகவே கிடந்தது. 2002-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் லாரன்ஸ் ஹர்லி குழுவினர் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நான் வாசித்த வரிசையில் ஒரே ஒரு ஜி-யை ஏ-ஆக மாற்றினார்கள். முடிச்சு தளர்ந்தது; மரபணுவின் வேலை சுமார் மூன்று மடங்கு கூடியது. ஓர் எழுத்துதான்! அப்படியானால் முடிச்சு ஒரு பிரேக். எல்லாரும் அப்படித்தான் எண்ணினோம்.

அப்புறம் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த முடிவுகள் அந்த எண்ணத்தை அசைத்தன. அங்கே இந்த ஆய்வை நடத்துபவர் சங்கர் பாலசுப்பிரமணியன், சென்னையில் பிறந்தவர். 2013-இல் அவரது குழு, இந்த முடிச்சை மட்டும் பற்றிக்கொள்ளும் ஓர் எதிர்ப்பொருளைக் கொண்டு, மனித செல்லின் உட்கருவுக்குள்ளேயே அதை ஒளிப்புள்ளிகளாகக் காட்டியது. 2016-இல் சுமார் 10,000 இடங்களைக் குறித்தார்கள். அவற்றில் பல, மும்முரமாக இயங்கும் மரபணுக்களின் வாசலில்! பிரேக் போட்ட வண்டி இப்படி ஓடுமா?

என் கருத்தைச் சொல்கிறேன். முடிச்சை வெறும் பூட்டாகப் பார்ப்பது அவசரம். அதன் வடிவத்தை அடையாளம் கண்டு வந்து அமரும் புரதங்கள் இருக்கின்றன; நியூக்ளியோலின் அவற்றில் ஒன்று. யார் வந்து அமர்கிறார் என்பதைப் பொறுத்தே வாசல் திறக்கும், மூடும் என்று நினைக்கிறேன். மருந்து தேடுபவர்களுக்கு இது பெரிய விஷயம். முடிச்சை இறுக்கினால் சி-மிக் அடங்கும் என்ற நம்பிக்கையில்தான் பல மூலக்கூறுகளைச் சோதித்து வருகிறார்கள்.

எதிர் இழையை மறந்துவிடக் கூடாது. ஜி-க்கள் முடிச்சுப் போட்டால், அவற்றின் ஜோடியான சி-க்கள் தனித்து நிற்கும். அவையும் தங்களுக்குள் மடிந்து, ஐ-மோட்டிஃப் என்ற வேறொரு முடிச்சாகும். 2018-இல் சிட்னியின் கார்வன் ஆய்வு நிலையத்தில் அதையும் மனித செல்லுக்குள் ஒளிப்புள்ளிகளாகப் பார்த்தார்கள். செல் தன் டி.என்.ஏ-வைப் படிப்பதில் மும்முரமாக இருக்கும் கட்டத்தில் அந்தப் புள்ளிகள் கூடின, பிறகு குறைந்தன.